மூக்கன் கற்றாழைக்குக் கவ்வாத்து வெட்டியது

மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்குப் போகிற வீதியில் பாதி வழியில் இறங்கி, கிறவல் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்தால் மூக்கனுடைய காணி வரும். காணி வருவதற்கு முன்னமே மூக்கனுடைய கதை வந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் யாராவது சொல்லியிருப்பார்.

மூக்கனிடம் ஒரு கத்தி இருந்தது. மலைநாட்டில் தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை தயவுதாட்சணியம் இல்லாமல் குட்டையாக வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பேர். அந்த வேலைக்கென்றே அடித்த, நுனி வளைந்த கத்தி அது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு அவருடைய தகப்பன் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது ஒரு தகரப்பெட்டியையும், பெண்சாதி பிள்ளைகளையும், இந்தக் கத்தியையும் கொண்டுவந்தார். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. கத்தி மட்டும் குடும்பம் இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே இடம்பெயர்ந்து, கூடவே திரும்பியும் வந்தது.

அதன் கூர்மையைப் பற்றி மூக்கன் சொல்வது இதுதான். ஒருநாள் பலாமரத்தடியில் இருந்து கத்தியைத் தீட்டி, கூர்ப்பக்கம் மேலே பார்க்க வைத்தாராம். மேலிருந்து விழுந்த பலாவிலை ஒன்று அதில் பட்டு இரண்டாய்ப் போயிற்று. அது பெரிய காரியமில்லை. அந்த இலையில் வந்துகொண்டிருந்த எறும்பும் இரண்டாய்ப் போய், முன்பாதி ஒரு வழியாலும் பின்பாதி இன்னொரு வழியாலும் புற்றுக்குப் போனதாம். பின்பாதி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், "அதுக்குக் கண் இல்லைத்தானே, கொஞ்சம் சுணங்கித்தான் போயிருக்கும்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இராது.

மூக்கன் சொல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்தபோது அவருக்கு எட்டு வயது. தகப்பன் வெட்டுவதைப் பார்த்திருக்கிறாரே ஒழிய, தன் கையால் ஒரு தேயிலைச் செடியையும் வெட்டியதில்லை. ஆனால் ஊரில் கவ்வாத்தைப் பற்றி எதிர்க்கதை கதைக்க வேறு ஆள் இல்லாதபடியால், அவர் சொன்னதே சட்டமாயிற்று.

அவருடைய காணிக்குக் கீழ்க்காணி புனிதமலருடையது. நாயாற்றுக்காரி. கடலும் கடலோரக் களப்புமாக வளர்ந்தவள். தமக்கை வெளிநாடு போகும்போது விட்டுப்போன காணியில் வந்து ஓலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தாள். புருஷன் றொமேஸ் இன்னமும் நாயாற்றில்தான் தொழில். சனிக்கிழமை பின்னேரம் வந்து, ஞாயிறு பூசைக்குப் போய், மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவார். வந்தாலும் கொட்டிலுக்குள் படுத்து நித்திரைதான். மூக்கனுக்கு அவருடைய முதுகைத்தான் தெரியும்.

புருஷனும் பெண்சாதியும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். புனிதமலர் நட்ட கற்றாழை இந்த மாரியைத் தாண்டி நின்றால் றொமேஸ் படகை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். நிற்காவிட்டால் அவள் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு நாயாற்றுக்கே போய்விடுவாள். இரண்டு அடுப்பு எரிக்கிற சீவியம் இனி வேண்டாம்.

இது புனிதமலருடைய பாடு, இதில் மூக்கனுக்கு என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. ஊரிலே அவருடைய கதையை முழுக்கக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் தொடக்கத்திலேயே சிரித்துவிடுவார்கள், அல்லது சைக்கிளில் ஏறிவிடுவார்கள். அவருடைய பெண்சாதி வடிவம்மாவோ, அவர் தொண்டையைச் செருமினாலே குசினிக்குள் போய்விடுவா. புனிதமலர் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். கேட்டுவிட்டு அதிலே ஓட்டை பிடிப்பாள். எறும்புக் கதையைக் கேட்டுவிட்டு, "பின்பாதி எந்தக் காலாலை நடந்தது அண்ணை? எறும்புக்குக் காலெல்லாம் முன்பாதியிலைத்தானே" என்றவள் அவள். அன்றைக்கு மூக்கன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பொய் சொல்லுகிறவனுக்கு அப்படி ஒரு ஆள் வாய்ப்பது லேசான காரியமா?

கற்றாழை அந்தப் பக்கத்துக்கு வந்தது குரங்குகளால். நிலக்கடலை போட்டால் குரங்கு, மரவள்ளி போட்டால் பன்றி, வாழை வைத்தால் யானை. கடைசியில், மருந்துச் சரக்குக்கு மடல் வாங்குகிற கொம்பனி ஒன்று கன்று கொடுக்க, ஆளாளுக்கு நட்டார்கள். குரங்கு ஒன்று வந்து ஒரு மடலைக் கடித்துப் பார்த்ததாகவும், அன்றிலிருந்து அந்தக் கூட்டம் முழுவதும் அவ்வழியால் போகும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போவதாகவும் மூக்கன் சொன்னார். இதில் பாதியை ஊரே நம்பியது.

புரட்டாசியில் இரண்டு மழை முந்தி விழுந்தது. அதோடு மடல்களில் பொட்டு வந்தது. முதலில் மிளகளவு, பிறகு சட்டைப் பொத்தானளவு, கருகி நடு அமிழ்ந்த பொட்டு. பொட்டு விழுந்த மடலைக் கொம்பனி எடுக்காது. விவசாயப் போதனாசிரியை ஜெயரூபினி வந்து நாவல் மரத்தடியில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னா. வெயில் நாளாகப் பார்த்து, பொட்டு விழுந்த மடலை அடியோடு வெட்ட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வெட்டின மடலைக் காணியில் விடாமல் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் எரிக்க வேண்டும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். மூக்கனுக்கு முதல் வசனத்தில் வெட்டு என்ற சொல் வந்தது போதும். அதற்கப்பால் அவர் ஜெயரூபினியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாரே தவிர, கேட்கவில்லை.

"மிஸ், எல்லாத்தையும் சொல்லித் தாங்கோ. வெட்டுறதை மட்டும் எனக்குச் சொல்லித் தராதேங்கோ" என்றார்.

அடுத்த நாள் கவ்வாத்துக் கத்தி வெளியே வந்தது. மூக்கன் தன் காணியின் மேல் மூலையில் தொடங்கினார். இடக்கையால் மடலைப் பிடித்து, கத்தியை உள்ளே கொடுத்து, ஒரு இழுவை. தகப்பன் வெட்டியபோது கேட்ட சத்தம் மாதிரியே இருந்தது அவருக்கு. இல்லாவிட்டாலும் இருந்ததாகவே எடுத்துக்கொண்டார். வெட்டின மடலை என்ன செய்வது? அதற்கும் தோட்டத்தில் முறை இருக்கிறது. கவ்வாத்து வெட்டின குச்சிக்கு மிலாறு என்று பேர். மிலாறை வெளியே எறியமாட்டார்கள். செடியின் காலடியிலேயே பரப்பிவிடுவார்கள். அது உக்கி, செடிக்கே உரமாகி, புதுத் தளிர் வரும். மூக்கனும் பொட்டு மடல்களைக் கற்றாழையின் காலடியிலேயே வட்டமாக அடுக்கி, மேலே ஒரு பிடி மண்ணும் தூவினார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

தன் காணி முடிய, நல்ல மனசோடு கீழ்க்காணிக்கும் இறங்கினார். புனிதமலருடைய கன்றுகளில் பாதிக்குத்தான் பொட்டு. அவள் பக்கத்தில் வந்து, மிஸ் கத்தியைத் துடைக்கச் சொன்னவா எல்லே என்று கேட்டாள். மூக்கன் உடனே துடைத்தார், இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில். அந்தச் சாரம் எந்த நிறத்தில் வாங்கப்பட்டது என்பது வடிவம்மாவுக்கும் மறந்துபோன விஷயம். மடலை வெளியிலை கொண்டுபோக வேண்டாமோ என்றும் கேட்டாள். மலைநாட்டில் மிலாறை வெளியே கொண்டுபோன ஒரு கங்காணிக்கு நடந்த கதையை மூக்கன் சொன்னார். அவன் தலைமயிர் முழுக்க ஒரே இரவில் கொட்டி, அடுத்த கவ்வாத்துக்குத்தான் திரும்ப முளைத்ததாம். புனிதமலர் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஓட்டை பிடிக்கவில்லை. இவ்வளவு தெரிந்த மனுசன் பிழையாய்ச் செய்யமாட்டார் என்று நினைத்துவிட்டாள்.

ஐப்பசி தொடங்க வானம் மூடிக்கொண்டே இருந்தது. பெரிய மழை இல்லை. ஈரம் மட்டும் போகவில்லை. ஒருநாள் விடிய புனிதமலர் களை பிடுங்கும்போது, கை தட்டுப்பட்ட கற்றாழை ஒன்று சும்மா சரிந்தது. பிடித்துத் தூக்கினாள். கிழவன் வாயிலிருந்து பல்லு வருகிற மாதிரி, ஒரு முரண்டும் இல்லாமல் கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை. மண்ணிறக் கூழ்தான் இருந்தது. மோந்து பார்த்தாள். மீன்காரிக்கு அழுகலின் மணத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பக்கத்துச் செடியைத் தொட்டாள். அதுவும் ஆடியது. போனில் படம் பிடித்து ஜெயரூபினிக்கு அனுப்பிவிட்டு, வேலியடிக்கு வந்து மூக்கனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மூக்கன் பார்த்தார். கதை ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து தன் காணியில் ஒரு செடியை மெல்ல அசைத்தார். பிறகு இன்னொன்று. கீழ்ப்பக்கம், புனிதமலருடைய வேலியோரமாய் இருந்த வரிசைகளில் முக்கால்வாசிச் செடி கையோடு வந்தது. அன்று பின்னேரம் ஒருவருக்கும் தெரியாமல் அடுப்புச் சாம்பலை அள்ளிப்போட்டார். மறுநாள் மஞ்சள் கரைத்து ஊற்றினார். வடிவம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. மஞ்சள்தூள் டப்பா வெறுமையானதும்தான் வாய் திறந்தா.

"மேல ஊத்துறது இருக்கட்டுங்க. அன்னைக்கு மிலாறு போட்டீங்களே, அதக் கிண்டிப் பாருங்க."

கிண்டிப் பார்த்தார். மண்ணுக்குக் கீழே மடல் உரமாகியிருக்கவில்லை. கொழகொழவென்று கிடந்து, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, செடியின் கழுத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டின மாதிரி இருந்தது. தேயிலை மரச்சாதி. கற்றாழை வெறும் தண்ணீர்ப் பை. இந்த வித்தியாசம் மூக்கனுக்கு அந்த இடத்தில், குந்தியிருந்தபடியே விளங்கியது. நிலத்தின் சாய்வையும் பார்த்தார். மாரி பிடித்தால் இந்தக் கூழெல்லாம் கரைந்து நேரே கீழ்க்காணிக்குத்தான் போகும். வேறு வழி தண்ணீருக்குத் தெரியாது.

ஜெயரூபினி ஸ்கூட்டியில் வந்து இரண்டு காணியிலும் செடி பிடுங்கிப் பார்த்தா. மடலில் வந்த நோய் வேறு, வேரில் வந்திருப்பது வேறு என்றா. வெட்டின காயம் ஈரத்தில் ஆறவில்லை. காலடியில் யாரோ அழுகல் மடலைப் புதைத்தும் வைத்திருக்கிறார்கள். அதுதான் வேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

"ஆர் இப்பிடி வெட்டிப் புதைச்சது?" என்று கேட்டா.

புனிதமலர் கையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். வடிவம்மா மூக்கனைப் பார்த்தா. மூக்கன் தொண்டையைச் செருமினார். ஒரு முள்ளம்பன்றி இருக்கிறது என்று தொடங்கினார். வயசான முள்ளம்பன்றி. பல்லுக் குறைவானபடியால் பொட்டு விழுந்த மெத்தென்ற மடலாகப் பார்த்துத்தான் வெட்டும். வெட்டினதை நாளைக்குத் தேவைப்படும் என்று அங்கேயே புதைத்து வைக்கும். பிறகு எங்கே புதைத்தது என்று மறந்துவிடும். கதை நன்றாகத்தான் வந்தது. இன்னொரு நாள் என்றால் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோயிருப்பார்கள்.

புனிதமலர் கடைசிவரை கேட்டாள். ஓட்டை பிடிக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. கொட்டிலின் கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னாள்:

"றொமேசுக்குச் சொல்லிட்டன் அண்ணை. இந்தச் சனி வரேக்கை கிடுகைப் பிரிக்கலாம் எண்டு."

முள்ளம்பன்றி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மூக்கன் கொஞ்ச நேரம் கையில் இருந்த அழுகல் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் வெட்டினனான் மிஸ்," என்றார். "கத்தியும் துடைக்கேல்லை. என்ரை காணி வருத்தத்தைக் கொண்டுபோய்த் தங்கச்சியின்ரை காணியிலை வைச்சிட்டன்."

"துடைச்சனீங்கள்," என்றாள் புனிதமலர். "சாரத்திலை."

ஜெயரூபினி ஏசவில்லை. ஏசுவதற்கு நேரமும் இல்லை. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. செய்யவேண்டியதைச் சொன்னா. இந்த முறை மூக்கன் ஒவ்வொரு வசனத்தையும் வாயை அசைத்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கேட்டார். ஆடுகிற செடியெல்லாம் சுற்றுமண்ணோடு வெளியே போகவேண்டும். புதைத்த மடல் ஒன்றும் மிஞ்சக்கூடாது. வேரில் பாதி நல்லதாக உள்ள செடியை, அழுகலை வெட்டிவிட்டு நிழலில் காயப்போட வேண்டும். காயம் தோல் பிடித்த பிறகுதான், உயர்த்தின பாத்தியில் நடவேண்டும். உக்கின மாட்டெருவில் நல்ல பங்கசு, அதாவது நன்மை செய்கிற பூஞ்சணம், கலந்து தருவா, அதையும் பாத்தியில் சேர்க்கவேண்டும். கெட்ட பங்கசைப் பிடிக்க நல்ல பங்கசாம். மூக்கன் இதிலே ஒரு கதை இருக்கிறது என்று உணர்ந்தார், ஆனால் வாயை மூடிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் முதல், மேற்காணித் தண்ணீர் கீழ்க்காணிக்கு இறங்காமல் இடையிலே தடுக்கவேண்டும்.

"கான் வெட்டுவம்," என்றார் மூக்கன். தோட்டத்தில் மலைச்சரிவில் தண்ணீர் போக வெட்டுகிற வடிகாலுக்குக் கான் என்று பேர். அதைக் குறுக்காலேதான் வெட்டவேண்டும், நேரே இறக்கினால் மண்ணையும் கொண்டு போய்விடும். ஜெயரூபினி ஓம் என்றா. ஆனால் அவர் கோடு கீறிக் காட்டியபோது, அந்தக் கான் போய் முடிகிற இடம் வடிவம்மாவின் கிணற்றடி என்பதையும் காட்டினா. கோட்டை மாற்றி, பற்றைக்காட்டுப் பக்கம் திருப்பினார்கள். மாற்றின கோடு மூக்கனுடைய காணியின் கீழ் வரிசைகளுக்கு நடுவால் போயிற்று. அழுகின செடிகளோடு, ஒரு நோயும் இல்லாமல் கொழுத்து நின்ற செடிகளும் அதிலே இருந்தன. வடிவம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டா. மூக்கன் மண்வெட்டியை எடுத்தார்.

ஜெயரூபினி போகமுன் இன்னொன்றும் சொன்னா. நோய் வந்த காணியில் மிதித்த கால், கீழ்க்காணியில் மிதிக்கக்கூடாது. ஆகவே மூக்கன் வேலியைத் தாண்டிக் கீழ்க்காணிக்குள் இறங்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. கவ்வாத்துக் கத்தியை வெளிற்றுகிற மருந்து கலந்த வாளிக்குள் போட்டார்கள். தன் ஆயுளிலேயே அது முதன்முதலாகக் குளித்தது. மூக்கன் மேலே கான் வெட்ட, கீழே புனிதமலர் ஆடுகிற செடிகளைப் பிடுங்கி, தேறாததைச் சாக்கில் போட்டு, தேறுகிறதை நிழலில் காயப்போட்டாள். வடிவம்மா செருப்பில்லாமல், கால் கழுவி, கீழ்க்காணியில் இறங்கிப் பாத்தி உயர்த்திக் கொடுத்தா. காயம் தோல் பிடித்த செடிகளைப் புனிதமலர் அதிலே திரும்ப நட்டாள்.  புனிதமலர் சாக்கைக் கட்டிக்கொண்டு, செடி மழைக்கு நின்றால் நிற்கட்டும், நிற்காவிட்டால் போவம் என்று வடிவம்மாவிடம் சொன்னாள். கிடுகைப் பிரிக்கிற வேலையைச் சனிக்கிழமையில் இருந்து மழை விடும் நாளுக்குத் தள்ளிவைத்தாள். அவ்வளவுதான் அவளிடம் இருந்து கிடைத்தது.

கான் பற்றைக்காட்டைத் தொட்ட அன்றே மழை பிடித்தது. வன்னி மழைக்கு அவசரம் கிடையாது. வந்தால் சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்து சாப்பிட்டுத்தான் போகும். மூக்கன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கானடியில் நின்றார். மேலிருந்து வந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கி, கானில் விழுந்து, ஒருதரம் தயங்கி, வலப்பக்கம் திரும்பியது. ஒரு இடத்தில் கரை இளகியது. மண்வெட்டியால் மண் போட்டார். அது நிற்காமல் போகவே, தானே அந்த இடத்தில் கரைக்கு முதுகைக் கொடுத்து இருந்துவிட்டார். வடிவம்மா தேத்தண்ணியை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தா. பிற்காலத்தில் இந்த மழையைப் பற்றி அவர் சொன்ன எதிலும் இது வராது. உண்மையாய் நடந்ததில் அவருக்கு அவ்வளவு பிடிப்பில்லை.

மழை விட்டு, நிலம் கால் வைக்கப் பதமானதும், புனிதமலர் பாத்திக்குள் இறங்கினாள். ஒரு செடியைப் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அடுத்தது. அதுவும் வரவில்லை. மூக்கன் கானுக்கு அங்கால் நின்று, அவளுடைய கை போகிற இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனார். நடுப்பாத்தியில் ஒன்று கையோடு வந்தது. அவள் அதைச் சாக்கில் போட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்தாள். அது வரவில்லை. கடைசிப் பாத்தி முடிவதற்குள் சாக்கில் அரைவாசிகூட நிறையவில்லை. புதிதாய் வந்த குருத்துகளில் பொட்டும் இல்லை. அவள் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொட்டிலின் கூரையைப் பார்த்தாள்.

"மேற்குப் பக்கம் ஒழுகுது அண்ணை," என்றாள். "புதுக்கிடுகு எங்கை எடுக்கலாம்?"

மூக்கன் இடத்தைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை.

மார்கழிக் கடைசியில் றொமேஸ் வந்தார், பாயும் தலையணையும் ஒரு சட்டிபானைச் சாக்கும் கொண்டு. அன்று படுக்கவில்லை. கூரை வேய்ந்து முடித்துவிட்டு, பின்னேரம் வேலியடிக்கு வந்து நின்றார். அமைதியான, கறுத்த, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற மனிதர். மூக்கன் மரியாதைக்காக, நாயாற்றில் இப்போது இறால் படுகிறதோ என்று விசாரித்தார்.

"படுது அண்ணை," என்றார் றொமேஸ். "முந்தி மாதிரிப் பெரிசு இல்லை. போன வருசம் ஒண்டு பட்டுது. வலையிலை படேல்லை. அது எங்களைப் பிடிச்சுது. படகை இழுத்துக்கொண்டு களப்பைச் சுத்தி விடியுமட்டும் ஓடினது. கடைசியிலை களைச்சுப்போய்க் கரையிலை படுத்திட்டுது. அதின்ரை மீசையிலை இப்பவும் எங்கட மாமி உடுப்புக் காயப்போடுறா."

மூக்கன் அவருடைய முகத்தைப் பார்த்தார். அதிலே ஒரு சுருக்கமும் இல்லை.

"இறாலுக்கு நீட்டு மீசை ரெண்டெல்லே," என்றார் மூக்கன், மெதுவாக. "மற்றது எங்கை?"

"மற்றதிலைதான் படகு கட்டிக் கிடக்குது."

புனிதமலர் உள்ளே இருந்து, தேத்தண்ணி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். றொமேஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.  மூக்கன் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தி, வடிவம்மாவிடம் சொன்னார்:

"மனுசன் தங்கமான ஆள்தான். ஆனா வாயைத் திறந்தால் பொய்."